பதினான்கு நாள் பூமி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மூலையில், அரிஸோனா மாநிலத்தில், குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 2020-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 2,400 பேர்தாம். அந்த ஊர் மயானத்தில் விசித்திரமான சமாதி ஒன்றைக் காணலாம். கல்லால் கட்டிய சிறு பிரமிட்; அதன் உச்சியில் தாமிரத் தகட்டில் செய்த ஓர் ஒட்டகம். அமெரிக்காவில் ஒட்டகத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். சொல்கிறேன். அதற்கு முன்பு அந்த ஊரைச் சுற்றிக் கிடக்கும் பூமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கோடையில் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. வெயில் 110 டிகிரியைத் தாண்டி நிற்கும். ஆனால் நம் கணக்கில் கார்த்திகை பிறக்கும் சமயத்தில், வடக்கே மினசோட்டாவிலும் மோண்டானாவிலும் பனி விழ ஆரம்பித்ததும், இந்தப் பாலைவனத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. நெடுஞ்சாலையை விட்டு மண் தடங்களில் வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. பஸ் அளவு பெரிய வீட்டு வண்டிகளும் உண்டு. அவற்றில் தம்பதிகளாக வருகிறவர்கள் உண்டு. நான் பேச நினைப்பது சின்ன வேன்களைப் பற்றி. பின்புறத்தில் ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, இரண்டு மூன்று தண்ணீர்க் கேன்கள். உள்ளே ஒரே ஓர் ஆள். அந்த ஆள் ஒரு புதருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்கிறார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாருக்கும் வாடகை கொடுக்கவில்லை. 14 நாளைக்கு அந்த இடம் அவருடையது.

வரப்பு ஒரு சாண் நகர்ந்ததற்காக அண்ணனும் தம்பியும் ஆயுள் முழுவதும் கோர்ட்டுக்கு நடப்பதைப் பார்த்தவர்கள் நாம். நமக்கு இது நம்ப முடியாத சங்கதியாகத்தான் இருக்கும். நம் கிராமக் கணக்கில் புறம்போக்கு என்று ஒரு சொல் உண்டு. பட்டா இல்லாத நிலம், கணக்கில் சர்க்காருடையது. மாடு மேய்க்கிறவனுக்கும் சுள்ளி பொறுக்குகிறவளுக்கும் அதுதான் கதி. நாளடைவில் அந்தச் சொல்லையே ஒரு வசவாகவும் ஆக்கிவிட்டோம். ஏறக்குறைய அந்த ஜாதியைச் சேர்ந்த நிலம் அமெரிக்காவில் ஒரே ஓர் இலாகாவின் பொறுப்பில் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. நாட்டின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. இத்தனை பூமி யாருக்கும் சொந்தமில்லாமல் எப்படி மிஞ்சியது?

மிஞ்சியது என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் யோசித்துப் பொதுவுக்கென்று ஒதுக்கி வைத்ததல்ல அது. கொடுத்துப் பார்த்தார்கள், வாங்குவார் இல்லை.

கதை 1848-இல் தொடங்குகிறது. மெக்ஸிகோவோடு நடந்த யுத்தத்தின் முடிவில், ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து, இன்றைய கலிபோர்னியா, அரிஸோனாவின் பெரும்பகுதி முதலான பிரதேசங்களை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. கொடுத்தவரும் வாங்கியவரும் அங்கே ஏற்கனவே வாழ்ந்த மக்களைக் கேட்கவில்லை. கொலராடோ நதிக் கரையில் மொஹாவே, செமுவேவி, குவெச்சான் முதலிய ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். வெள்ளம் வடிந்த கரையில் சோளமும் பூசணியும் விதைத்தார்கள். நதிக்கு மேற்கே, பிளைத் என்ற ஊருக்கருகில், தரையிலுள்ள கருங்கற்களை ஒதுக்கி ஒதுக்கி வரைந்த ராட்சத மனித உருவங்கள் இன்றும் இருக்கின்றன. தரையில் நின்றால் அவற்றின் முழு வடிவம் தெரியாது. ஆகாயத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். பூமியையே ஏடாகக் கொண்டவர்களின் ஊரைத்தான் வாஷிங்டனில் இருந்தவர்கள் காலி நிலம் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். 1865-இல் மொஹாவேக்களுக்கும் செமுவேவிகளுக்கும் நதியோரமாக ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். மற்றதெல்லாம் பொது நிலம் ஆயிற்று. பொது என்ற சொல்லுக்குள் இப்படி ஓர் ஆரம்பம் ஒளிந்திருப்பதை நாம் மறக்கக் கூடாது.

வாங்கியாயிற்று, இனி அதைக் கடக்க வேண்டுமே! தண்ணீர் கிடையாது, குதிரையும் கோவேறு கழுதையும் தடுமாறின. அப்போது யுத்த மந்திரியாக இருந்த ஜெபர்சன் டேவிஸ் ஒட்டகம் தருவிக்கலாம் என்றார். 1855-இல் காங்கிரஸ் சபை 30,000 டாலர் ஒதுக்கியது. 1856-இலும் அடுத்த வருஷமும் கப்பலில் சுமார் 75 ஒட்டகங்கள் டெக்ஸாஸ் கரையில் இறங்கின. அவற்றை மேய்க்க வந்தவர்களில் ஒருவர் ஹாஜி அலி. ஒட்டோமான் சாம்ராஜ்யத்துப் பிரஜை. சிப்பாய்களின் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. 'ஹை ஜாலி' என்று ஆக்கிவிட்டார்கள். 1857-இல் எட்வர்ட் பீல் என்பவர் கலிபோர்னியாவுக்குப் பாதை கண்ட பயணத்தில் அந்த ஒட்டகங்கள் நன்றாகவே உழைத்தன. ஆனால் 1861-இல் உள்நாட்டு யுத்தம் வந்தது; ஒட்டகத்துக்காக வாதாடிய அதே டேவிஸ் எதிர்த்தரப்புக்கு ஜனாதிபதி ஆனார். பிறகு யாருக்கு ஒட்டகத்தைப் பற்றிக் கவலை? விற்றது போக மிச்சத்தை அவிழ்த்து விட்டார்கள்.

ஹாஜி அலி திரும்பிப் போகவில்லை. சில ஒட்டகங்களை வைத்துக்கொண்டு சரக்கு ஏற்றிப் பார்த்தார், வியாபாரம் ஓடவில்லை. பட்டாளத்துக்கு வழிகாட்டியாக இருந்தார்; சுரங்கம் தேடினார். டூஸான் நகரில் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனமும் நடத்தினார். ஆனாலும் பாலைவனம் அவரை விடவில்லை. 1902-இல் குவார்ட்ஸைட்டில் காலமானார். 1935-இல் மாநிலத்தின் நெடுஞ்சாலை இலாகா அவருக்கு எழுப்பியதுதான் அந்தப் பிரமிட். இன்று குளிர்காலத்தில் அந்த ஊருக்கு வரும் தனி ஆட்கள் அதைப் போய்ப் பார்க்கிறார்கள். தங்கள் குலத்துக்கு மூத்தவர் என்று அவர்களுக்குத் தோன்றினால் அதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கிடையில் நாட்டின் மற்றப் பாகங்களில் வேறொரு பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. 1862-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி ஜனாதிபதி லிங்கன் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டத்தின் சாரம் மிக எளிமையானது. 160 ஏக்கரைக் குறித்துக்கொள், வீடு கட்டு, உழு, 5 வருஷம் தங்கு, பிறகு நிலம் உன்னுடையது. கல்யாணமாகாத பெண்கள்கூட மனுப்போடலாம். ஐரோப்பாவில் குத்தகைக்கு உழுது தேய்ந்தவர்களுக்கு இது தேவலோகத்து அழைப்பு மாதிரி இருந்திருக்கும். சட்டம் நடைமுறையில் இருந்த காலம் முழுவதும் சேர்த்துச் சுமார் 16 லட்சம் பேர் பட்டா வாங்கினார்கள். 27 கோடி ஏக்கர் கை மாறியது. தங்குகிறவனுக்கே நிலம்: அந்த நூற்றாண்டின் மந்திரம் அதுதான்.

மந்திரம் பாலைவனத்தில் பலிக்கவில்லை. யுத்தத்தில் வலக்கையை இழந்து, ஒற்றைக் கையோடு 1869-இல் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கைப் படகில் கடந்த ஜான் வெஸ்லி பவல் என்ற வீரர், 1878-இல் சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். வருஷத்துக்கு 20 அங்குலம் மழை இல்லாத இடத்தில், பாசனம் இல்லாமல் பயிர் வைப்பது வீண் என்பது அவர் கட்சி. குவார்ட்ஸைட்டில் 5 அங்குலம்கூடத் தேறாது. ஆனால் சர்க்கார் அதற்கு முந்தின வருஷமே பாலைவன நிலச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. ஏக்கருக்கு 25 சென்ட் முன்பணம் கட்டு. 640 ஏக்கர் எடுத்துக்கொள். 3 வருஷத்தில் தண்ணீர் கொண்டுவா. பாக்கி ஒரு டாலர் கட்டினால் சொந்தம். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, 'இந்த நிலத்துக்குத் தண்ணீர் வந்ததைக் கண்ணால் கண்டோம்' என்று சாட்சிகளைச் சத்தியம் செய்ய வைத்த சாமர்த்தியசாலிகளைப் பற்றிக் கதைகள் உண்டு. பொய் சத்தியம் என்றும் சொல்ல முடியாது, பாருங்கள்!

கடைசியில் யாரும் தீண்டாத நிலம் நிலுவையாக நின்றது. 1929-இல் ஜனாதிபதி ஹூவர், இதன் மேற்பரப்பை மேற்கு மாநிலங்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பார்த்தார். பூமிக்கடியிலுள்ள கனிமங்களை மட்டும் மத்திய சர்க்கார் வைத்துக்கொள்ளுமாம். மாநிலங்கள் அந்தத் தானத்துக்குக் கை நீட்டவில்லை. 1934-இல் மேய்ச்சல் சட்டம் வந்தது; பழைய குடியேற்றம் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. 1946-இல் இரண்டு பழைய காரியாலயங்களை ஒன்றாக இணைத்து நில நிர்வாக இலாகா ஏற்பட்டது. அந்த இலாகாதான் இன்றைக்கும் அந்தப் பூமிக்குக் காவல்.

நடுவில் யுத்தமும் இங்கே வந்து போயிற்று. 1942-இல் ஜெனரல் பாட்டன் வட ஆப்பிரிக்கப் போருக்குப் பட்டாளத்தைப் பழக்க இந்தப் பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய டாங்குகள் ஓடிய தடங்கள் 80 வருஷம் ஆகியும் சில இடங்களில் அழியவில்லை. அங்கே தரை, சிறு கற்கள் நெருக்கமாகப் பதிந்த தளம் போன்றது. ஒரு முறை கலைந்தால் மனித ஆயுளுக்குள் மறுபடி சேராது. அதே 1942-இல், பழங்குடியினருக்கென்று விட்ட கொலராடோ நதிக்கரை நிலத்தில், அவர்களுடைய சபை வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், போஸ்டன் என்ற இடத்தில் ஒரு முகாம் எழுந்தது. ஜப்பானிய வம்சத்தார் என்ற ஒரே குற்றத்துக்காக 17,000-க்கு மேற்பட்டவர்களை அங்கே அடைத்து வைத்தார்கள். பாலைவனம் யாருக்கும் வேண்டாத இடமாக இருந்ததால், கண்ணுக்கு மறைவாக வைக்க விரும்பியதை வைப்பதற்கு அது வசதியாக இருந்தது. கலிபோர்னியாப் பக்கத்தில் கடற்படைத் துருப்புகளுக்காகக் கட்டிய டன்லப் முகாமை 1956-க்குள் பிரித்து எடுத்துவிட்டார்கள். கட்டடங்கள் போயின, சிமெண்டுத் தளங்கள் மட்டும் எஞ்சின. அந்தத் தளங்களின்மேல் வண்டியை நிறுத்திக் குடியேறினவர்களால் 'ஸ்லாப் சிட்டி' என்று ஓர் ஊரே உண்டாயிற்று.

சமாதான காலம் வந்தது. 1950-இல் ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் கம்பெனி பெட்டி போன்ற ஒரு வேனை உற்பத்தி செய்யத் தொடங்கியது; சீக்கிரத்தில் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தினார்கள். வீட்டைக் கூடவே ஓட்டிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் சாமானியர்களுக்கும் எட்டியது. 1960-இல் ஜான் ஸ்டீன்பெக், லாரியின்மேல் சிறு வீட்டைப் பொருத்தி, அதற்கு டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரைச் சூட்டி, சார்லி என்ற நாயோடு நாட்டைச் சுற்றப் புறப்பட்டார். அந்தப் பயணத்தைப் பற்றிய புத்தகம் 1962-இல் வந்தது. மொஹாவி பாலைவனத்தில் இரண்டு நரிகளைக் குறி பார்த்துவிட்டு, சுட மனமில்லாமல், நாய்க்கென்று வைத்திருந்த உணவை அவற்றுக்கு வைத்துவிட்டுப் போனதாக அதில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அவர் எழுதிய அளவுக்குத் தனியாக இல்லை; பல நாள் மனைவி உடனிருந்தாள், ஹோட்டல்களிலும் தங்கினார் என்று கண்டுபிடித்தார்கள். நானும் கதை எழுதுகிறவன். அந்தப் பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். தனிமையைப் பற்றி எழுதுவது வேறு. தனிமையில் இருப்பது வேறு. அவ்வளவுதான்.

ஆண்டுதோறும் வடக்கிலிருந்து பென்ஷன்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பனிப்பறவைகள் என்று அவர்களுக்குப் பெயர். 1967-இல் குவார்ட்ஸைட்டில் ரத்தினக் கல் சந்தை ஒன்று ஆரம்பமாயிற்று, கூட்டம் பெருகியது. 1976-இல் புதிய நிலச் சட்டம் பிறந்தது. ஜனாதிபதி போர்ட் அதில் கையெழுத்திட்டபோது, லிங்கன் கையெழுத்திட்ட பழைய குடியேற்றச் சட்டம் ரத்தாயிற்று. அலாஸ்காவில் மட்டும் இன்னும் பத்து வருஷம் நீடித்தது. மிச்ச நிலத்தை இனித் தேசமே வைத்துக்கொள்ளும் என்று அப்போதுதான் தீர்மானமாகச் சொன்னார்கள்.

இங்கேதான் எனக்கு விந்தையாகத் தோன்றுகிற விஷயம் இருக்கிறது. பழைய சட்டம், 'தங்கு, உழு, அடையாளம் வை. நிலம் உன்னுடையது' என்றது. புதிய ஏற்பாடு அதைத் தலைகீழாகப் புரட்டியது. பொதுவாக ஓர் இடத்தில் 14 நாள் இருக்கலாம். பிறகு 25 மைல் தள்ளிப் போய்விட வேண்டும். தோண்டாதே; வெட்டாதே; போகும்போது நீ இருந்த சுவடு தெரியக் கூடாது. தங்காமல் இருக்கிறவரைக்கும் இது உன்னுடையது! குளிர்காலம் முழுவதும் இருக்க விரும்புகிறவர்களுக்காக 1983-இல் சில இடங்களைப் பிரித்துவிட்டார்கள். குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கேயுள்ள லா போஸா என்ற 11,400 ஏக்கர் அவற்றில் ஒன்று. கட்டணம் கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இருக்கலாம். அதற்குப் பிறகு அந்த நீண்ட காலச் சலுகை யாருக்கும் கிடையாது.

உல்லாசப் பயணமாக ஆரம்பித்தது 2008-க்குப் பிறகு வேறு முகம் காட்டியது. அந்த வருஷத்துப் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டைப் பறிகொடுத்த வயோதிகர்கள் பலர், வாடகைக்கும் வழியில்லாமல் வேனுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜெஸிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் அவர்களோடு பழகி, 2017-இல் 'நோமாட்லாண்ட்' என்ற புத்தகம் எழுதினார். அது படமாகி, 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசையும் பெற்றது. அப்படித் திரிகிறவர்களுக்கு விலாசம் ஒரு பெரிய பிரச்னை. வண்டி லைசென்ஸுக்கு விலாசம் வேண்டும். மருந்துச் சீட்டுக்கு விலாசம் வேண்டும். தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஓர் இரவு தங்கியதற்கு ரசீது காட்டி, அந்த ஊர்க்காரர்களாகப் பதிவு செய்துகொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பட்டணங்களிலோ தெருவில் வண்டியை நிறுத்தி உள்ளே தூங்கினால் பல இடங்களில் குற்றம். பொது இடத்தில் தூங்குவதற்கு நகரசபைகள் தண்டனை விதிக்கலாம் என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே, ஒருவர் தூங்குவதற்குச் சட்டமே இடம் கொடுக்கிற பூமியாக இந்தப் பாலைவனம் நிற்கிறது. யாருக்கும் வேண்டாம் என்று விட்ட பூமிக்கு, போக்கிடம் இல்லாதவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

கதாசிரியன் என்ற உரிமையில் ஒரு பாத்திரத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கிறேன். வயது 68. கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற மாது என்று வைத்துக்கொள்வோம். வேனை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியும். மணல் மெத்தென்று இருக்கிறதே என்று வறண்ட ஓடையில் நிறுத்த மாட்டாள். தொலைவில் மலையில் மழை பெய்தால், இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். கதவு கிழக்கே பார்த்திருக்கும், காலை வெயில் உள்ளே விழுவதற்காக. நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று அளந்து வைத்திருக்கிறாள். கூரையில் சூரிய ஒளித் தகடு. பகல் முழுவதும் பிடித்த வெளிச்சத்தில் இரவு ஒரு விளக்கு எரியும்.

பகலில் நம் ஊர் மார்கழிக் காலை மாதிரி சுகமான வெயில். சூரியன் இறங்கியதும் அந்தச் சுகம் போய்விடுகிறது. பிடித்து வைக்க ஈரமும் இல்லை, மேகமும் இல்லை. தரையின் சூடு நேரே ஆகாயத்துக்குப் போய்விடும். விடியற்காலையில் குளிர் உறைநிலையை எட்டிப் பிடிக்கும். டிசம்பரில் இரவு 14 மணி நேரம். அடுப்பு மூட்டினால் ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வைக்க வேண்டும். அடைத்த வண்டியில் நச்சுக் காற்று சத்தமில்லாமல் ஆளைக் கொன்றுவிடும். திறந்தால் குளிர். அவள் திறந்துதான் வைக்கிறாள். அவளுடைய மூச்சே கண்ணாடியில் நீராகப் படிந்து காலையில் வழிகிறது. எங்கோ நரிகள் ஊளையிடுகின்றன. நம் தொல்காப்பியர் பாலைத் திணைக்குப் பிரிவை உரிப்பொருளாக வைத்தார். வேனிலோடு நிற்காமல் பின்பனிக் காலத்தையும் அதற்கு உரிமையாக்கினார். எந்தப் பாலையை மனத்தில் வைத்து அப்படிச் சொன்னாரோ. வேனுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விழித்திருக்கும் இந்த மாதுக்கு அதன் பொருள் நன்றாக விளங்கும்.

அவள் பரிதாபத்துக்கு உரியவளா, பொறாமைப்படத் தக்கவளா? நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். விரும்பி வந்தவரும் வேறு வழியில்லாமல் வந்தவரும் அந்த இருட்டில் ஒரே மாதிரி விளக்கைத்தான் ஏற்றுகிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. பல சமயம் அவர்களுக்கே தெரிவதில்லை. வேறு வழியில்லாமல் வந்தவர் இரண்டாம் குளிர்காலத்தில் விரும்ப ஆரம்பித்துவிடுகிறார். ஆனால் ஒன்று நிச்சயம். ஒரு தேசம் தன் முதியவர்களுக்கு வீடு கொடுக்கத் தவறி, 14 நாள் பூமியைக் கொடுத்திருக்குமானால், பூமியின் அழகைச் சொல்லி அந்தத் தவறை மறைத்துவிட முடியாது. அந்தப் பூமியும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். இந்த நிலங்களை விற்றுவிடலாம் என்ற பேச்சு அமெரிக்காவில் அடிக்கடி தலை தூக்குகிறது. 2025-இலும் செனட் சபையில் அப்படி ஒரு யோசனை வந்து, பலத்த எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது. வேண்டாம் என்று மாநிலங்களே மறுத்த நிலத்துக்கு இன்று விலை பேச ஆள் இருக்கிறது.

பதினான்காம் நாள் காலையில் அந்த மாது எழுந்திருக்கிறாள். அடுப்புக்காக நகர்த்திய கற்களை இருந்த இடத்திலேயே வைக்கிறாள். சாம்பல் ஆறிவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்து அள்ளிக்கொள்கிறாள். ஒரு சின்னக் காகிதம் புதரில் சிக்கியிருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்கிறாள். ஐந்து வருஷம் தங்கி, வேலி போட்டு, தன் பெயரைப் பொறித்த அந்தப் பழைய குடியேறிகளின் பேத்தியாக அவள் இருக்கக்கூடும். வண்டியைக் கிளப்புமுன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள். அங்கே யாரும் இருந்ததற்கு அடையாளம் இல்லை. திருப்தியோடு தலையை அசைத்துவிட்டு நெடுஞ்சாலையை நோக்கி ஓட்டுகிறாள். 25 மைல் போக வேண்டும்.

மயானத்தில் தாமிர ஒட்டகத்தின்மேல் வெயில் ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் பாலைவனத்துக்கு வந்தவர்களில், யாரும் எழுந்து போகச் சொல்லாத இடம் ஹாஜி அலிக்குக் கிடைத்திருக்கிறது.